தாண்டவன் திரும்பி வரும் இடம்

மொடக்கனூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டி பர்கத் பாய் நடத்திவந்த வீடியோ கேம் கடையில், ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம், திரைக்குள் குழியைத் தாண்டத் தவறியவன் கடையின் சிமெண்டுத் தரையில் வந்து விழுந்தான். அத்தனை காலமும் அந்தப் பெட்டிக்குள் வலது பக்கமாகவே ஓடிக்கொண்டிருந்தவன் அவன், செங்கல் திட்டுகளில் ஏறி, அந்தரத்தில் தொங்கும் பழங்களைத் தட்டிப் பறித்து, குழிக்குக் குழி தாவி, தவறினால் கீழே போய், மறுபடியும் முதலிலிருந்து கிளம்புகிறவன். கீழே போனால் எங்கே போகிறான் என்று அதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. பச்சைச் சட்டையும், காற்றில்லாத இடத்திலும் படபடக்கிற சிவப்புத் துண்டும், செருப்பில்லாத காலுமாக அவன் எழுந்து நின்றபோது ஓர் ஆளின் இடுப்பு உயரம்தான் இருந்தான், தோளும் முழங்காலும் படிப்படியாக வெட்டியதுபோல் இருந்தன, கண் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புக் கட்டங்கள் இருந்தன. சுற்றி நின்றவர்கள் அவனைப் பார்த்தார்கள், வெளியே மழையைப் பார்த்தார்கள், பிறகு பக்கத்து டீக்கடைக்காரர், "இவனுக்குச் சோறு யாருங்க போடறது?" என்று பாயிடம் கேட்டார்.

பெட்டியின் நெற்றியில் எழுதியிருந்த பெயர் எந்த நாட்டு எழுத்தோ, யாருக்கும் வாசிக்கத் தெரியவில்லை, தாண்டுகிறவன் என்பதால் தாண்டவன் என்றே ஊர் அவனைக் கூப்பிட்டது, அவனும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்தான்.

சோறு போட்டது மயிலாத்தாள். அவள் பஸ் ஸ்டாண்டைக் கூட்டுகிறவள், விடியும் முன்பே விளக்குமாற்றோடு வந்து, பஸ்களின் புகைக்கும் டிரைவர்களின் ஏச்சுக்கும் நடுவில் குப்பையை ஓரம் கட்டி, வெயில் ஏறியதும் பாய் கடையின் பின்சுவர் நிழலில் உட்கார்ந்து தூக்குப்போசியைத் திறப்பவள். தாண்டவன் அவள் எதிரில் வந்து நின்றான். சோற்றை அவன் தொடவில்லை, பழம்தான் அவனுக்குத் தெரிந்த ஆகாரம், அதுவும் கையில் கொடுத்தால் வாங்கமாட்டான், தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தால் ஒரே எவ்வாக எவ்வித் தட்டிப் பறித்துக்கொள்வான். அப்படி எவ்வும்போதெல்லாம் அவனிடமிருந்து வீணைத் தந்தியைச் சுண்டியதுபோல் ஒரு சத்தம் வரும். தம்பி ரங்கன் போனபிறகு மயிலாத்தாள் வாய்விட்டுச் சிரித்தது அந்த வாழைப்பழத்தைத் தூக்கிப் பிடித்த அன்றைக்குத்தான்.

ரங்கன் போனது குழியில். ஊருக்கடியில் ஓடுகிற சாக்கடை அடைத்துக்கொண்டால் மூடியைத் திறந்து, இடுப்பில் கயிறு கட்டி, உள்ளே இறங்கிக் கையால் வாரி எடுக்கிற வேலை காலனி ஆண்களுக்கு என்று யார் எப்போது எழுதிவைத்தார்களோ, அவள் அப்பன் இறங்கினான், தம்பி இறங்கினான், புருசன் திப்பனும் இறங்கிக்கொண்டிருந்தான். அப்பனைப்போலவே ரங்கனும் இறங்கியவன் இறங்கியவன்தான், உடம்புதான் மேலே வந்தது. திப்பன் மூடியைத் திறந்ததும் முதலில் விஷக்காற்று இருக்கிறதா என்று பார்க்க ஒரு தீக்குச்சியைக் கிழித்து உள்ளே போடுவான், பிறகு வானத்தைப் பார்ப்பான், பிறகு வாய் நிறைய வெற்றிலையை அடக்கிக்கொண்டு இறங்குவான், அவன் வீடு திரும்பும்வரை மயிலாத்தாளுக்கு அடுப்பில் என்ன வேகிறது என்றே தெரியாது. எத்தனை சோப்புப் போட்டாலும் அந்த வாடை அவன் தலைமயிரை விட்டுப் போனதில்லை.

பஸ் ஸ்டாண்டுக் குழி அடைத்துக்கொண்ட அன்று காலையில் திப்பன் மூடியைப் புரட்டிப் போட்டுவிட்டு வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தான். கூட்டாளி மாரன் கயிற்றை உதறிக்கொண்டிருந்தான். சாக்கடைக் காண்ட்ராக்ட் எடுத்திருந்த குழந்தைவேலு மூக்கில் கர்ச்சீப்பை வைத்துக்கொண்டு தூரத்தில் பைக்கில் உட்கார்ந்திருந்தார். குழி என்றால் தாண்டவனுக்குக் கால் நிற்காது, எங்கிருந்தோ ஓடி வந்து ஒரு தாவு தாவினான், ஈர மண்ணில் கால் வழுக்கி உள்ளே போனான். சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது, மேலே தொடங்கி இறங்கி இறங்கி இறங்கி ஒன்றுமில்லாமல் போகிற சத்தம், அந்தக் கடையில் காசு போட்டு விளையாடிய எல்லாருக்கும் தெரிந்த சத்தம். திப்பன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு குப்புறப் படுத்து உள்ளே பார்த்தான். அதற்குள் பாய் கடையிலிருந்து கூவல் கேட்டது. பெட்டிக்கு முன்னால் தாண்டவன் நின்றுகொண்டிருந்தான், மறைந்து தெரிந்து மறைந்து தெரிந்து மின்னிக்கொண்டு, சட்டையில் ஒரு பொட்டு அழுக்கில்லாமல். குழியிலோ, விழுந்த வேகத்தில் அடைப்பு உடைந்து தண்ணீர் சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது.

குழந்தைவேலு கர்ச்சீப்பை மடித்துப் பையில் வைத்தார்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம், மழை பெய்தால் குடை விரிப்பதுபோல, யாரும் கூடிப் பேசாமலே நடந்தது. சந்தைப்பேட்டையில் அடைத்தால் தாண்டவனைக் கூட்டிப்போனார்கள், ஆஸ்பத்திரித் தெருவில் அடைத்தால் தாண்டவனைக் கூட்டிப்போனார்கள், மூடியைத் திறந்து மறுகரையில் ஒரு பழத்தைப் பிடித்தால் போதும். அவனுக்கும் வேலை பழகிப்போய், உள்ளே எதை உடைக்க வேண்டும், எதை வாரி வாளியில் போட வேண்டும் என்று கற்றுக்கொண்டான். சில நாள் ஏணியில் ஏறியே வந்துவிடுவான், பல நாள் அந்தச் சத்தம் வரும், ஊர் கடையைப் பார்த்துத் திரும்பும், அவன் அங்கே மின்னிக்கொண்டு நிற்பான். கரண்டு போனால் அவனுக்குத் திரும்பி வர வழியில்லையே என்று முனிசிபாலிட்டி செலவில் பாய் கடைக்கு ஜெனரேட்டர் வந்தது. அவன் திரும்பி வரும் இடத்தில் யாரும் மிதித்துவிடக் கூடாதென்று சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டார்கள், வட்டத்துக்குச் செவ்வாய், வெள்ளிகளில் யாரோ பூ வைத்தார்கள், கல்யாணத்துக்கு வந்த விருந்தாளிகளைக் கூட்டிவந்து காட்டினார்கள். டீக்கடையில், "இன்னிக்கு வந்துட்டானா?" என்று கேட்டுக்கொள்வது மழை வந்ததா என்று கேட்பதுபோல் ஆனது. குழிக்குள் உயிர்ச் சேதமே இல்லாத ஊர் என்று மொடக்கனூருக்கு ஒரு வெள்ளிக் கேடயம் கிடைத்தது, அதை வாங்கக் குழந்தைவேலு மேடை ஏறினார். காலனி ஆண்களுக்கென்று வந்திறங்கிய முகமூடியும் ரப்பர் காலுறையும் பிரிக்காத பெட்டியோடு திரும்பிப் போயின.

காலனியில்தான் நிம்மதி அதிகம், அதையும் சொல்ல வேண்டும். ஆண்கள் மேலே நின்று கயிறு பிடிப்பதோடு சரி, மத்தியானம் வீட்டுக்கு வந்து சோறு தின்றார்கள், தூங்கினார்கள், பொண்டாட்டிகளோடு வீண் சண்டை போட்டார்கள். ஒருநாள் திப்பன் குனிந்து செருப்பு மாட்டும்போது அவன் தலை மயிலாத்தாளின் முகத்துக்கு நேரே வந்தது, அதில் தேங்காயெண்ணெய் வாசம் மட்டுமே இருந்தது, அவள் அந்த இடத்திலேயே உட்கார்ந்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள், திப்பன் என்ன ஏது என்று தெரியாமல் ஒற்றைச் செருப்போடு நின்றான். அன்றைக்குத் தாண்டவனுக்கு அவள் ஒரு சீப்புப் பழம் கொண்டுபோனாள்.

தாண்டவன் பேசக் கற்றுக்கொண்டது அவளிடம்தான். பஸ் ஸ்டாண்டு இரைச்சலில் சொற்களைப் பொறுக்கிக்கொண்டு வந்து அவள் முன்னால் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்ப்பான், அவள் திருத்துவாள். அவளை அக்கா என்றான். ரங்கன் கூப்பிட்ட மாதிரியே, கடைசி எழுத்தை இழுத்து. ஒரு நாள் பின்சுவர் நிழலில் அவன் துண்டைக் கசக்கிக் காயப்போட்டுவிட்டு அவள் திரும்பியபோது, அவன் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமல் உட்கார்ந்திருந்தான். அத்தனை நாளில் ஊரில் ஒருத்தரும் கேட்காததை, அவளும் கேட்கப் பயந்துகொண்டிருந்ததை, அன்றைக்குக் கேட்டுவிட்டாள்.

"தாண்டவா, உள்ள போறப்ப வலிக்குதா சாமி?"

"வலிக்குதுக்கா," என்றான். "மொதல்ல கண்ணு எரியும். அப்பறம் நெஞ்சுக்குள்ள யாரோ கல்லு அடுக்கறாப்பல இருக்கும். கத்தோணும்னு வாயத் தொறந்தா அதுவும் உள்ள போயிரும். அப்பறம் அந்தச் சத்தம். அத நான் போடறதில்லக்கா. அதுவா வருது."

"ஒவ்வொருக்காவுமா?"

"ஒவ்வொருக்காவுந்தான்."

மயிலாத்தாள் தன் கையைப் பார்த்துக்கொண்டாள். "இன்னும் எத்தன உசிரு இருக்குது உனக்கு?"

"தெரியலக்கா. அங்க பொட்டிக்குள்ள இருக்கறப்ப மேல மூலையில எழுதியிருக்கும். இங்க மேல பாத்தா வானந்தான் இருக்குது."

"ஓடிப் போயிரு சாமி. எங்கயாச்சும் போயிரு."

அவன் அந்த இரண்டு கறுப்புக் கட்டங்களால் அவளைப் பார்த்தான். "எந்தப் பக்கம்க்கா? குழி இல்லாத வழி எனக்குத் தெரியாதே."

வீட்டுக்கு வந்தவள் திப்பனிடம் சொன்னாள். அவன் வாசலில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தான், தடவிய கை நிற்கவில்லை.

"எனக்குத் தெரியும் புள்ள. கயித்தப் புடிச்சுட்டு நிக்கறவனுக்குத் தெரியாம போகுமா? கயிறு துடிக்கும்."

"தெரிஞ்சுமா அவன எறக்கி விடறீங்க?"

"அவன் எறங்காட்டி நான் எறங்கோணும்." வெற்றிலையை மடித்தான், வாயில் போடாமல் வைத்திருந்தான். "சொல்லு. நாளைக்கு நானே எறங்கறேன்னு காண்ட்ராக்டர்கிட்டச் சொல்லிட்டு வந்துரட்டா?"

அவள் தாலியைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்குள் போனாள், அரிசியைக் களைந்தாள், களைந்த அரிசியையே மறுபடியும் களைந்தாள். மறுநாள் பெரிய பழமாகப் பார்த்து வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள், தாண்டவன் எவ்வ வேண்டியிராதபடி அதைத் தாழ்த்திப் பிடித்தாள், அவன் எடுத்துக்கொண்டு, மூடி திறந்திருந்த இடத்தைப் பார்த்து வலது பக்கமாக நடந்தான். அந்த நடையைப் பார்க்காமல் அவள் குனிந்து கூட்டினாள். அப்படியே மாதங்கள் போயின.

தேர்த் திருவிழாவுக்கு முந்தின வாரம் கோட்டைவீதியில் பெரிய குழாய் அடைத்துக்கொண்டது. சாயப்பட்டறைக் கழிவும் வீட்டுக் கழிவும் சேருகிற இடம் அது, நிறம் நிறமாகப் பொங்கித் தேரோடும் பாதையில் வழிந்தது. தாண்டவனை இறக்கினார்கள். சத்தம் வந்தது, கடையில் வந்து நின்றான், அடைப்பு அசையவில்லை, உடனே திரும்பக் கூட்டிப்போய் இறக்கினார்கள். சத்தம் வந்தது. மறுபடியும் கூட்டிப்போனார்கள். கூட்டிப்போகிறவர்களுக்குக் கால் வலித்து, டிவிஎஸ் வண்டியில் முன்னால் உட்காரவைத்துக் கொண்டுபோனார்கள், வழியில் அவன் மின்னி முடிப்பதற்குக்கூட நேரம் இல்லை. மயிலாத்தாள் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு வண்டிக்குப் பின்னாலேயே ஓடினாள். "போதுஞ் சாமி, விட்டுருங்க, அவனுக்கு நோவுது," என்று அவள் சொன்னது வண்டிச் சத்தத்தில் பலருக்குக் கேட்கவில்லை, கேட்டவர்கள் அவள் பழம் கொடுக்கிறவள்தானே என்று ஒதுங்கி வழி விட்டார்கள். மூடியின் விளிம்பில் நின்று தாண்டவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். இடது பக்கம் அவன் திரும்பி அவள் பார்த்தது அது ஒன்றுதான். பிறகு இறங்கினான், சத்தம் வந்தது, அடைப்பு உடைந்து பாதாளமே கொப்பளித்ததுபோல் தண்ணீர் ஓடியது, ஜனங்கள் கைதட்டினார்கள்.

கடையில் சுண்ணாம்பு வட்டம் காலியாக இருந்தது.

பெட்டியின் திரையில் அந்த வேற்று எழுத்தில் இரண்டு சொற்கள் வந்து நின்றன, பிறகு அவையும் போய், செங்கல் திட்டுகளும் பழங்களும் குழிகளும் மட்டும் ஆளில்லாமல் தாமாக நகர்ந்துகொண்டிருந்தன. பர்கத் பாய் ஒரு காசைப் போட்டார், இன்னொன்றைப் போட்டார், கடையில் நின்றவர்களும் பையைத் துழாவிப் போட்டார்கள். மயிலாத்தாள் வட்டத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "எந்திரிச்சுப் போம்மா," என்றார் பாய், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நான் பூட்டாம வெச்சிருக்கேன். வந்தான்னா சொல்லி அனுப்பறேன்." ஊர் அவ்வளவு வருத்தப்படவில்லை. கொஞ்சம் தாமதமாகிறது, களைத்துப்போயிருப்பான், வந்துவிடுவான் என்றது. தேர் ஓடியது.

சாக்கடை அவனுக்காகக் காத்திருக்கவில்லை. கோட்டைவீதியில் உடைந்த அடைப்பு கீழே வந்து காலனி முக்கில் நின்றது, பள்ளத்தில் இருக்கும் காலனிக்குள் ஊரின் கழிவெல்லாம் திரும்பி ஏறியது, மாரன் வீட்டில் பிறந்து சில நாளே ஆன பிள்ளையின் தூளிக்கடியில் அது வந்து நின்றது. குழந்தைவேலு பைக்கை மேட்டிலேயே நிறுத்திவிட்டுத் திப்பனைக் கூப்பிட்டனுப்பினார். மயிலாத்தாளும் கூடவே போனாள்.

"ஏன்டா திப்பா, பாத்துட்டே இருந்தா எப்படி? எறங்கு."

"கயிறே இல்லீங்க சாமி. இருந்ததும் கோட்டைவீதிச் சாயத்தண்ணில இத்துப்போச்சு. எறங்கி ரொம்ப நாளாச்சுங்க."

"முகமூடி வாங்கிக் குடுங்க சாமி," என்றாள் மயிலாத்தாள். "திருப்பி அனுப்புனீங்களே, அதக் கொண்டாரச் சொல்லுங்க. மிசினு கொண்டாரச் சொல்லுங்க. அதுவரைக்கும் இவரு எறங்கமாட்டாரு."

குழந்தைவேலு அவளை எரிச்சலோடு பார்க்கவில்லை, ஒன்றும் புரியாதவளுக்குச் சொல்வதுபோல் பொறுமையாகத்தான் சொன்னார். "எதுக்கும்மா இப்படிப் பயப்படற? தாண்டவன் எத்தன தடவ எறங்குனான்? ஒவ்வொருக்காவும் வரலையா? இவனும் வந்துருவான்."

அவர் முகத்தில் கள்ளம் இல்லை. அதைக் கண்டுதான் அவள் திப்பனின் சட்டையைப் பிடித்தாள். திப்பன் மாரன் வீட்டுப் பக்கம் பார்த்தான், பிள்ளை வீறிட்டுக்கொண்டிருந்தது, மாரனின் பொண்டாட்டி முழங்கால் அளவு கழிவில் நின்றுகொண்டு தூளியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"நம்ம வீட்டுக்குள்ள வந்துருச்சு புள்ள," என்றான். "விடு. சித்த நேரந்தான்."

இரண்டு சேலைகளை முறுக்கிக் கயிறாக்கினார்கள். தீக்குச்சி நமத்துப்போய்ப் பற்றவில்லை. அவன் வானத்தைப் பார்த்தான், இறங்கினான். மாரன் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றான், அது துடித்தது, மாரன் அலறினான், பிறகு சேலை துடிக்கவில்லை. உள்ளேயிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. மேட்டில் நின்ற கூட்டம் ஒருகணம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றுவிட்டு, பிறகு ஒருவர் பின் ஒருவராகத் திரும்பி, குழியை விட்டுவிட்டுப் பாய் கடையைப் பார்த்து ஓடியது, திப்பன் வந்து நிற்பதைப் பார்க்க. குழந்தைவேலு பைக்கை உதைத்துக் கிளப்பி முன்னால் போனார். குழிக்கு மேலே மயிலாத்தாளும் மாரனும் மட்டும் சேலையைக் கைமாற்றிக் கைமாற்றி இழுத்தார்கள், அவள் உள்ளங்கைத் தோல் உரிந்தது, எத்தனை இழுத்தாலும் பாதாளத்தையே இழுப்பதுபோல் கனத்தது, கடைசியில் அவன் தலை மேலே வந்தது.

அவனை மேட்டுக்குக் கொண்டுவந்து கோட்டைவீதியின் நடுவில் கிடத்தினார்கள், அங்கேதான் தரை காய்ந்திருந்தது. கடையிலிருந்து ஆட்கள் திரும்பி வந்தார்கள்.

"அங்க இன்னும் வரல," என்றார் டீக்கடைக்காரர்.

"உடம்பு மறையோணுமே," என்றார் இன்னொருத்தர். "தாண்டவன் உடம்பு உடனே மறஞ்சுரும். இது மறஞ்சாத்தான அங்க வர முடியும்."

தகவல் சொல்ல மாரன் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினான். கொஞ்சம் பொறுத்துப் பார்க்கச் சொல்லி அனுப்பியதாகத் திரும்பி வந்து சொன்னான். குழிக்குள் போனவர்கள் இறந்ததாக எழுதி வெகுகாலம் ஆகிவிட்டதாம், எந்தப் பக்கத்தில் எழுதுவதென்று அங்கே யாருக்கும் நினைவில்லையாம். குழந்தைவேலு தள்ளி நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் ஏறியது. ஈக்கள் வந்தன. கூட்டம் நிழலாகப் பார்த்து ஒதுங்கி நின்று, உடம்பைப் பார்ப்பதும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பார்ப்பதுமாக இருந்தது.

"இது மறையாது," என்றாள் மயிலாத்தாள்.

அவள் கத்தவில்லை. திப்பனின் தலையை மடியில் வைத்திருந்தாள், அவன் வாயிலிருந்து வந்ததை விரலால் வழித்து வழித்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இது என்ர புருசனுங்க. செத்துப்போயிட்டாரு. இது மறையாது. எத்தன நேரம் நின்னாலும் இப்படியேதான் கெடக்கும். ரங்கன் கெடந்தான், எங்கப்பன் கெடந்தான். பாத்ததில்லீங்களா நீங்க?"

பார்த்திருந்தார்கள் என்பது அவர்கள் முகத்தில் மெல்ல ஏறி வந்தது, வந்ததும் சிலர் தரையைப் பார்த்தார்கள், சிலர் வேலை நினைவுக்கு வந்தவர்கள்போல் நடையைக் கட்டினார்கள்.

"ஒரு கொடம் தண்ணி குடுங்க," என்றாள். "இப்படியே கொண்டுபோகக் கூடாதுங்க. கழுவோணும்."

கோட்டைவீதியின் இரண்டு பக்கமும் வீடுகள், வீட்டுக்கு வீடு குழாய். ஒருத்தரும் அசையவில்லை. அவள் மறுபடியும் கேட்கவில்லை, காத்திருந்தாள். வெகு நேரம் கழித்து எதிர்வரிசையில் ஒரு கதவு பாதி திறந்தது, வளையல் போட்ட ஒரு கை, தளும்பத் தளும்ப நிறைந்த ஒரு பிளாஸ்டிக் குடத்தை வாசற்படிக்கு வெளியே வைத்துவிட்டு உள்ளே போனது, கதவு சாத்திக்கொண்டது. மயிலாத்தாள் திப்பனின் தலையை மாரன் மடிக்கு மாற்றிவிட்டு எழுந்து போய்க் குடத்தைத் தூக்கினாள்.

"கொடத்தத் திருப்பிக் கொண்டார வேண்டாம்," என்றது கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

"சரிங்க," என்றாள் மயிலாத்தாள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வீதியின் நடுவுக்கு வந்தாள், முந்தானையை நனைத்து, முதலில் அவன் கண்களைத் துடைத்தாள்.